மானுக்கு ஒரு மணி

திருகோணமலைக்கு வாழ வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, இந்த ஊரில் மான்கள் தெருவில் நடக்கும் என்பதுதான். திருச்சியில் நான் வளர்ந்த தெருவில் மாடு எப்படியோ, இங்கே புள்ளிமான் அப்படி. கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் நிற்கும். பொழுது சாய்ந்தால் எங்கள் வாசலுக்கும் வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வேலை இல்லை, ஆட்களையும் தெரியாது. மாமியின் தோட்டம்தான் உலகம். யாராவது கேற்றைச் சரியாகச் சாத்தாமல் போனால், "பிள்ளை, மான் உள்ளுக்கு வந்திட்டுது!" என்று சத்தம் கேட்கும். நான் ஓடிப் போவதற்குள் செவ்வரத்தையில் தளிர் மிஞ்சாது. மாமிக்கு முழங்கால் வலி, எழுந்து விரட்ட முடியாது. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மட்டும் சொல்லும் சென்சார் ஒன்று உண்டு. ஒரு பக்கம் சின்னக் காந்தம், மறுபக்கம் காந்தம் விலகினால் தொடர்பு மாறும் சுவிட்ச். ஒரு பொத்தான் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். அதை ஜிக்பீ வகையில் வாங்கினேன்; வீட்டுக் கருவிகள் கம்பியில்லாமல், குறைந்த மின்சாரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை அது. வீட்டுக்குள் இருக்கும் சிறு கணினியோடு நேராகப் பேசுவதால் இன்டர்நெட் போனாலும் வேலை செய்யும். கரண்ட் போனாலும் அந்தக் கணினியை ஒரு சின்ன யூபிஎஸ் கொஞ்ச நேரம் ஓட்டும்.

இரும்பு கேற்றில் இதை அப்படியே ஒட்டக் கூடாது. இரும்பு காந்தத்தின் பலத்தையும் இழுத்துக்கொள்ளும், ரேடியோ சிக்னலையும் கெடுக்கும். நடுவில் ஒரு மரத்துண்டு வைத்துப் பொருத்தினேன். கடற்காற்றின் உப்பு பேட்டரி முனைகளை அரித்துவிடும் என்பதால் மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தேன். சிக்னல் எட்டுவதற்கு கணினி சொன்னால் கரண்டைப் போட்டு நிறுத்தும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை விறாந்தையில் வைத்தேன்; கரண்டில் ஓடும் ஜிக்பீ கருவி செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். ஊரிலிருந்து கொண்டுவந்த பிளக்குக்கு உருண்டைக் கால், இந்த வீட்டுச் சாக்கெட்டுகளோ சதுரக் கால் 13 ஆம்பியர். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான் என்பதால் ஒரு அடாப்டரோடு விஷயம் முடிந்தது.

அறிவிப்பு எங்கே வர வேண்டும் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். என் போனுக்கு வந்து என்ன பயன்? நான் சந்தையில் இருந்தால் மான் தின்றுவிட்டுப் போய்விடும். மாமி உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் மணி வைத்தேன். கேற் இரண்டு நிமிடம் திறந்தே இருந்தால் அடிக்கும். அவர் அங்கிருந்தபடியே தெருவில் நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு மூடச் சொல்கிறார். யாரையும் எதிர்பார்க்காமல் அவரே தோட்டத்தைக் காக்கிறார். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் தண்ணீர்த் தாங்கி. கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறந்தால் தாங்கி வழியும். வழியும் குழாயின் வாயில் ஈரம் பட்டால் சொல்லும் சென்சாரை வைத்து, அதே மணியில் வேறு ஒலி கொடுத்தேன். மோட்டரைத் தானாக நிறுத்தலாமே என்று கணவர் கேட்டார். மோட்டர் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு. சாதாரண ஸ்மார்ட் பிளக்கின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய கரண்டைத் தாங்கும் கான்டாக்டர் என்ற தனி சுவிட்ச் வேண்டும், எலெக்ட்ரீஷியன் வந்து பொருத்த வேண்டும். அதுவரை மணி அடித்ததும் யாராவது போய் நிறுத்துகிறோம்.

மாரியில் சேலை பூசணம் பிடிக்காமலிருக்க அலுமாரிக்குள் ஈரப்பதம் அளக்கும் சென்சார் ஒன்றும் இருக்கிறது. அளவு ஏறினால் கதவைத் திறந்து மின்விசிறியைப் போடுவேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா மணிச் சத்தம் கேட்டுத்தான் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒன்று வேண்டுமாம், அகத்திக் கன்று வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கேற் பலகை, அதனால் வேலை சுலபம். சனிக்கிழமை பொருத்திக் கொடுக்கிறேன்.