காற்று அடங்கிய சாயங்காலமும் ஒரு கிழட்டு விமானமும்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இரண்டு மாதமாகக் காசு சேர்த்து, 'டைகர் மாத்' என்கிற பழைய விமானத்தில் இருபது நிமிடம் பறக்க 199 பவுண்டு கட்டியிருந்தேன். சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு எழுந்து, ரயில் மாறி, பஸ் மாறி அந்தப் பறக்கும் சங்கத்தின் வாசலில் போய் நின்றால், "இன்று குறுக்குக் காற்று அதிகம், பறக்க முடியாது" என்றார்கள். காற்றை யார் என்ன செய்ய முடியும்? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வவுச்சர்தான் தருவார்களாம், ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். எனக்கு இங்கிலாந்து புராஜெக்ட் செப்டம்பரில் முடிகிறது. அப்புறம் அந்த வவுச்சரை வைத்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்குப் போன் பண்ணினேன். "ஏங்க, அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல பெட்டி வாங்கியிருக்கலாமே" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

காற்று விஷயத்தில் அவர்கள் சொன்னது நியாயம் என்று பிற்பாடு புரிந்தது. டைகர் மாத் 1931-இல் முதன்முதலாகப் பறந்த இரட்டைச் சிறகு விமானம். சக்கரத்துக்கு பிரேக் கிடையாது. வாலுக்கடியில் சக்கரமே இல்லை, புல்லைக் கீறிக்கொண்டு வரும் ஒரு சறுக்குக் கட்டைதான். பக்கவாட்டில் காற்றடித்தால் தரையில் இறங்கிய பிறகுதான் அதன் குணம் தெரியும் என்கிறார்கள். சரி, காற்றை மன்னித்துவிட்டேன். வவுச்சரை மன்னிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓல்ட் வார்டனில் பழைய விமானங்களின் காட்சிக்கும் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கிற சின்ன ஊர். பிகிள்ஸ்வேட் வரை ரயில், அங்கிருந்து நாலைந்து மைல், டாக்ஸிதான். ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர் என் கேமராப் பையைப் பார்த்ததுமே, "ஏர் ஷோவா? முப்பது பவுண்டு" என்றார். மீட்டர் பற்றிக் கேட்டதற்கு, "ஷோ நாளில் இதுதான் ரேட்". பத்துப் பன்னிரண்டு நிமிடத்துப் பயணம். எந்த நாட்டுக்குப் போனாலும் ரயிலடியில் நம் முகத்தைப் படித்துவிடுகிற ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் உள்ளே போனதும் முப்பது பவுண்டு மறந்துபோயிற்று. ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார வீட்டுப் பையனின் பைத்தியம் இந்த இடம். பழைய கார், பழைய விமானம் எது கண்ணில் பட்டாலும் வாங்கி, பழுது பார்த்து, ஓட்டியிருக்கிறார். 1940-இல் விமானப்படையில் பயிற்சிக்காகப் பறந்தபோது விழுந்து இறந்தார், 31 வயது. 1944-இல் அவருடைய அம்மா டாரதி அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி இதையெல்லாம் காப்பாற்றினார். 1932-இல் ரிச்சர்ட் வாங்கிய ஒரு மாத் விமானம் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ஹேங்கருக்குள் கயிறு கட்டித் தடுத்திருக்கிறார்கள், ஆனால் கைநீட்டும் தூரம்தான். எல்லா விமானத்துக்கும் அடியில் ஒரு தகரத் தட்டு, தட்டில் எண்ணெய்ச் சொட்டு. அந்தத் தட்டுகளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அருங்காட்சியகங்களில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் விமானங்களை எனக்குப் பிடிக்காது. பாடம் செய்த புலி மாதிரி. இங்கே இருப்பவை முக்கால்வாசி பறப்பவை. ஒரு மூலையில் டி ஹேவிலாண்ட் கம்பெனியின் சிவப்பு நிறப் பந்தய விமானம், காமெட். 1934-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த போட்டியில், நம்ம அலகாபாத்திலும் இறங்கி ஏறி, 71 மணி நேரத்துக்குள் போய் ஜெயித்தது இதுவேதான். மாதிரி அல்ல, அசல்.

சாப்பாட்டு வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தது. நான் டப்பாவில் புளிசாதம் கொண்டுபோயிருந்தேன். புல்வெளியில் உட்கார்ந்து, கண்ணெதிரே தாழ்வாக ஒரு கிளாடியேட்டர், பழைய இரட்டைச் சிறகுப் போர் விமானம், போக, புளிசாதம் சாப்பிட்டிருக்கிறீர்களா? வேர்க்கடலை சற்று நமுத்திருந்தது, மற்றபடி குறையில்லை.

அப்புறம் அந்த வாசனை வந்தது. ஆவ்ரோ 504 என்கிற முதல் உலகப் போர்க்கால விமானத்தை எங்களுக்கு நேரெதிரே கிளப்பினார்கள். நீல நிறப் புகை புல்வெளியோடு தவழ்ந்து வந்து மூக்கில் ஏறியதும் எனக்கு ஏழு வயசாகிவிட்டது. விளக்கெண்ணெய்! மாதம் ஒருமுறை பாட்டி என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய். இந்த வகை எஞ்சினில் நடுத்தண்டு அப்படியே நிற்கும், எஞ்சின் முழுவதும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்பதால் ஆமணக்கு. அது திரும்பி டாங்குக்கு வராது, எஞ்சினுக்குள் போனது புகையாகவும் துளியாகவும் பின்னால் வந்து விமானியின் முகத்தில்தான் முடியும். அந்தக் காலத்து விமானிகளுக்கு வயிறு சரியாகவே இருந்ததில்லை என்று சொல்வார்கள். பாட்டியைக் கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பாள். வேகத்தைக் குறைக்க நம் வண்டி மாதிரி திருகும் வசதி பெரிதாக இல்லை. ஒரு பொத்தானை அழுத்தி எஞ்சினை நொடிக்கணக்கில் அணைத்து அணைத்துத்தான் இறங்கவேண்டும். 'ப்ர்ர்ர்... ப்ர்ர்... ப்ர்ர்ர்' என்று விக்கி விக்கி இறங்கியது.

எட்டரை மணிக்குக் காற்று சுத்தமாக அடங்கியது. காற்றின் திசை காட்டும் கம்பத்துத் துணி தொங்கிவிட்டது. ஒலிபெருக்கியில் ஏதோ சொல்ல, கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. 1909-இல் செய்த பிளேரியோ விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பறக்கும் நிலையில் இருக்கும் விமானங்களில், அசல் எஞ்சினோடு, உலகத்திலேயே பழையது இதுதான். மூன்று சிலிண்டர், சுமார் 25 குதிரைசக்தி. நம் ஊர் பெரிய பைக் ஒன்றின் சக்தி. இந்த ரகத்தில்தான் லூயி பிளேரியோ 1909 ஜூலை 25 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். இப்போது அதைத் திடலைச் சுற்றியெல்லாம் ஓட்டுவதில்லை. ஓடுபாதையிலேயே ஓடி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி, நேராகப் போய் இறங்கிவிடும். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. பக்கத்தில் இருந்த குழந்தைகூட வாயைத் திறக்கவில்லை.

இத்தனை அபூர்வத்தைப் பறக்கவிட்டு உடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்த விக்கலையும் விளக்கெண்ணெய் நாற்றத்தையும் எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள்? என் ஓட்டு பறப்பதற்குத்தான்.

காட்சி முடிந்தது. அழைத்துப்போக வருவதாகச் சொன்ன அதே டாக்ஸிக்காரர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வர, ஐந்து மைல் நடப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். ஒரு கிழட்டு கார் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவருக்கு எழுபது வயதிருக்கும், நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டார். வழியில் என் வவுச்சர் கதையைப் புலம்பினேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிவிட்டு, "எங்களிடம் ஒரு மாத் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் காற்று இருக்காது. வருகிறீர்களா?" என்றார்.

அன்றிரவு ஊர் திரும்பாமல் அறை எடுத்தேன். 65 பவுண்டு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அந்த விமானம் எட்டுப் பேருக்குச் சொந்தம். ஓய்வுபெற்ற வாத்தியார், பிளம்பர், பல் டாக்டர் என்று எட்டுப் பேர். இங்கே இது சகஜம். கொட்டகை வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்திரப் பரிசோதனை எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், பறப்பவர் பெட்ரோல் போடவேண்டும். மணிக்கு சுமார் 30 லிட்டர் குடிக்கும். சொந்த விமானம் என்றதும் நான் கோடீஸ்வரர்களைத்தான் நினைத்திருந்தேன். இவர்கள் கொட்டகையில் பழைய சோஃபா, காது போன தேநீர்க் கோப்பைகள்.

"எங்கே மிதிக்கக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். சிறகின் அடியோரம் கறுப்புப் பட்டை இருக்கிறது, அங்கே மட்டும்தான் கால் வைக்கலாம். மற்ற இடமெல்லாம் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. விரலால் சுண்டினால் தவில் மாதிரி 'டம்' என்றது. துணி தளர்ந்தால் சத்தம் மாறிவிடுமாம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மேல்சிறகின் நடுவில் இருக்கும் டாங்கின் மேலே மிதவையோடு ஒரு கண்ணாடிக் குழாய். கரண்ட் சமாச்சாரமே இல்லை. சாவி கிடையாது. பிளம்பர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றினார். "ஸ்விட்ச் ஆஃப்" என்று இவர் கத்த, அவர் திருப்பிக் கத்த, நாலு சுற்று. அப்புறம் "கான்டாக்ட்!" ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது.

டைகர் மாத்தில் ஓட்டுகிறவர் பின்னால், விருந்தாளி முன்னால். தரையில் ஓடும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருப்பதால் எதிரே எதுவும் தெரியாது, அதனால் பாம்பு போல வளைந்து வளைந்து போனார். பிறகு வால் எழும்பியது. கீழே புல் நழுவியது. எப்போது தரையை விட்டோம் என்று எனக்குத் தெரியாது, உண்மையாகவே.

ஆயிரம் அடியில் கட்டுப்பாட்டுக் கம்பை என்னிடம் விட்டார். இடது பக்கம் சாய்த்தேன். சாய்ந்தது, ஆனால் என் கன்னத்தில் ஒரு பக்கமாகக் காற்று வந்து அறைந்தது. காதில் அவர் குரல்: "கன்னத்தில் அடிக்கிறதா? காலை உபயோகியுங்கள்." காலால் சுக்கானை மெல்ல மிதித்ததும் காற்று நேராக நெற்றிக்கு வந்தது. எனக்கு மீட்டர் எதையும் படிக்கத் தெரியாது, ஆனால் என் கன்னத்துக்குத் தெரிந்துவிட்டது. இறங்கும்போது எஞ்சினைக் குறைத்தார். சிறகுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகள் பாடுவது அப்போதுதான் காதில் விழுந்தது. வேகம் குறையக் குறைய சுருதி இறங்கியது. அந்தச் சுருதியை வைத்தே வேகம் சொல்லுவாராம். ஐந்து நாளும் ஏசி அறையில் திரையைப் பார்க்கிற எனக்கு, உடம்பால் ஓட்டுகிற ஒரு யந்திரம் இருக்கிறது என்பதே புதுசு.

பறந்தது இருபத்தைந்து நிமிடம். அப்புறம் நாற்பது நிமிடம் துடைத்தோம். வயிற்றுப்பக்கம் வழிந்த எண்ணெய், சிறகு முனையில் பூச்சிகள், புல் கறை. எனக்கும் ஒரு துணி கொடுத்தார். பாதி சந்தோஷம் இந்தத் துணியில்தான் என்றார். எங்கே எண்ணெய் புதுசாகக் கசிகிறது, எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியுமாம். ஜே.ஆர்.டி. டாட்டா 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனது பஸ் மாத்தில், இதே வம்சம், அந்தத் தபாலை இன்னொருவர் சென்னை வரை கொண்டுபோனார் என்று நான் சொன்னேன். 50 வருடம் கழித்து, 78 வயதில், லெப்பர்ட் மாத்தில் அதே பயணத்தை டாட்டா திரும்பப் பண்ணினார் என்றதும், துடைப்பதை நிறுத்திவிட்டு, "எழுபத்தெட்டா? அப்போது எனக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்றார்.

பெட்ரோல் செலவில் என் பங்கை மட்டும் வாங்கிக்கொண்டார். லாபம் பார்க்கக் கூடாதாம், சட்டம் என்றார்.

போகிறவர்களுக்கு நாலு விஷயம் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டது. சுருக்கமாக: சாயங்காலக் காட்சிக்குப் போங்கள், பிளேரியோ வகையறா பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும், அதுவும் காற்று அடங்கினால். டாக்ஸிக்குத் திரும்பும் காசை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், என்னுடையது போய்விட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வவுச்சருக்கு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இடம் இருக்கிறதாம். வானிலையைப் பார்த்தேன். மேற்கிலிருந்து நல்ல காற்று.