லீத் தெருவின் நீல மாளிகை: சில நாட்குறிப்புகள்

மார்ச் 7, வெள்ளி

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்சே மாளிகையில் வார இறுதியைக் கழிக்க இன்று பிற்பகல் வந்து சேர்ந்தேன். 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் என்று வழிகாட்டி அடுக்கிய கணக்கெல்லாம் மறந்துபோகும் அளவுக்குச் சுவரின் நீலம் கண்ணை நிறைத்தது. அவுரிச் சாயத்தை இந்தியாவிலிருந்து வரவழைத்துச் சுண்ணாம்பில் கலந்து பூசிய நிறம் அது. கிட்டே போய்ப் பார்த்தால் மழைச்சாரல் படும் பக்கம் வெளிறியும், தாழ்வார நிழலில் கறுத்தும் தெரிகிறது. சுண்ணாம்புப் பூச்சு சுவரில் ஏறும் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியேற விடும் என்பதால், ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இந்த ஊருக்கு அது அழகுக்காக மட்டும் பூசப்பட்டதாகத் தோன்றவில்லை.

மார்ச் 8, சனி

வீட்டைக் கட்டிய சியோங் ஃபாட் ட்சே 1840இல் குவாங்டொங் மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பதின்ம வயதில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறி, தண்ணீர் சுமந்து பிழைத்து, பிறகு வணிகத்திலும் தோட்டங்களிலும் பெரும்பொருள் ஈட்டியவர். சீனப் பேரரசின் துணைத் தூதராகப் பினாங்கில் பணியாற்றினார். 1892இல் சீனாவில் திராட்சை மது ஆலையையும் தொடங்கினார். மனைவியர் எட்டுப் பேர். இந்த வீடு ஏழாமவருக்காக என்கிறார்கள். (மற்ற எழுவர் என்ன சொன்னார்களோ!)

அமைப்பு சீன முற்றத்து வீடுதான் என்றாலும், வார்ப்பிரும்பு வேலைப்பாடு ஸ்காட்லாந்திலிருந்தும் தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கூரை விளிம்பின் சில்லு வேலைதான்: வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கி, ஒவ்வொரு சில்லையும் இதழாகவும் இறகாகவும் சாந்தில் பதித்திருக்கிறார்கள். கிண்ணத்தின் வளைவு அப்படியே பூவிதழின் வளைவாகிவிடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

1916இல் அவர் இறந்தபோது பிரிட்டிஷ், டச்சு அரசுகள் இரண்டும் கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட ஆணையிட்டன. கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதியிருந்தார். அந்த மகன் 1989இல்தான் காலமானார். இடைப்பட்ட காலத்தில் அறைகள் வாடகைக் குடித்தனங்களாயின, கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. உயில் வீட்டைக் காப்பாற்றியது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். விற்கவும் முடியாமல் பராமரிக்கவும் ஆளில்லாமல் அது சிதைந்ததற்கும் அதே உயில்தான் காரணம் என்பது என் எண்ணம்.

பிறகு கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் மனைவியும் நண்பர்களுடன் சேர்ந்து வாங்கி, பழைய முறையிலேயே சுண்ணாம்பும் சில்லும் கொண்டு செப்பனிட்டார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. தங்கும் விடுதியாக மாற்றியதை வணிகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுண்ணாம்புப் பூச்சைக் குறிப்பிட்ட காலத்துக்கொருமுறை புதுப்பித்தே ஆக வேண்டிய வீட்டுக்கு, அறை வாடகையைவிட நிலையான வருமானம் வேறென்ன இருக்கிறது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.