கணக்குப்பிள்ளை வீட்டு டிரங்குப் பெட்டியை லைப்ரரில சேர்த்த கதை

பழைய வீட்டை இடிக்கப்போறவங்க யாராச்சும் இருந்தா இத படிச்சுட்டு இடிங்க, அதுக்காகத்தான் எழுதறேன்.

எங்க ஊரு கொள்ளிடத்துத் தென்கரை, அணைக்கரைக்குக் கிழக்க. அப்பாவோட தாத்தா, அதுக்கப்புறம் அப்பாவோட அப்பா, ரெண்டு பேரும் ஊர்க் கணக்கு எழுதுனவங்க, கர்ணம்னு சொல்லுவாங்கல்ல அது. 1980ல எம்ஜிஆர் ஆட்சில அந்த வேலையையே எடுத்துட்டாங்க, அப்புறம்தான் வி.ஏ.ஓ. எல்லாம் வந்தாங்க. தாத்தா சர்க்கார் கணக்குப் புத்தகத்தையெல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல ஒப்படைச்சுட்டு வந்தவரு அதுக்கப்புறம் பேனாவே தொடலன்னு பாட்டி சொல்லும். வீட்ல மிச்சமா இருந்தது பரண்ல ரெண்டு டிரங்குப் பெட்டி. அதுல அவங்க சொந்தமா எழுதி வச்சுக்கிட்ட நகல், கோயில் கணக்கு, தண்ணி முறை வச்ச கணக்கு, புரோநோட்டு, கடுதாசி, எல்லாம் வருஷ வாரியா மஞ்சத் துணில கட்டி வச்சது.

மூணு வருஷம் முன்னாடி ஓட்டு வீட்டை இடிக்கறப்ப பெட்டி கீழ இறங்குச்சு. பழைய பேப்பர்காரரு வண்டியோட வாசல்ல வந்து நின்னுட்டாரு, சித்தப்பாவும் சரி குடுத்துடலாம்னுதான் சொன்னாரு. அப்பா மட்டும் ஒரு கட்டை எடுத்து மடில வச்சுக்கிட்டு "இது எங்க தாத்தா கையெழுத்துடா"ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தாரு, அதப் பாத்துட்டு எனக்கு மனசு கேக்கல. ரெண்டாவது பெட்டி ஏற்கனவே பாதி போயிருந்துச்சு, 2008 நிஷா புயல் மழைல ஓடு விலகி ஒழுகுனத யாரும் கவனிக்கல, கீழ இருந்த கட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடுச்சு.

அப்ப நான் ரெண்டு தப்பு பண்ணேன், நீங்க பண்ணக்கூடாதுன்னு சொல்றேன். ஒண்ணு, ரெண்டாவது பெட்டில நமுத்துக் கெடந்ததையெல்லாம் முத்தத்துல விரிச்சு வெயில்ல காயப் போட்டேன். சூடு பட்டதும் தாள் அப்பளம் மாதிரி முறுகி ஓரமெல்லாம் உதிர ஆரம்பிச்சுடுச்சு. ஈரத் தாள நிழல்ல ஃபேன் காத்துல வச்சு நடுவுல ஈரத்த உறிஞ்சற ஒத்துத்தாள் குடுத்துத்தான் காய வைக்கணுமாம், பின்னாடிதான் தெரிஞ்சுது. இன்னொண்ணு, ஒரு நல்ல பத்திரத்த லேமினேஷன் பண்ணிட்டு வந்து குடுத்தான் தம்பி, நானும் சந்தோஷமா வாங்கி வச்சுக்கிட்டேன். அத இனிமே பிரிக்கவே முடியாது, பிரிச்சா எழுத்தும் பிளாஸ்டிக்கோட வந்துடும். செல்லோ டேப்பும் அப்படித்தான்.

எங்க குடுக்கறதுன்னு ரொம்ப நாள் விசாரிச்சேன். சிலர் எழும்பூர்ல இருக்குற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்த சொன்னாங்க, சிலர் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்த சொன்னாங்க. எனக்கு நம்ம டெல்டாவுக்குள்ளயே இருக்கணும், ஊர்லேர்ந்து ஒரு ஆள் காலைல பஸ் ஏறிப் போயி பாத்துட்டு சாயங்காலம் வீடு திரும்பற தூரத்துல இருக்கணும்னு ஆசை. அதனால இங்கயே ஒரு பல்கலைக்கழக நூலகம், பேரு வேண்டாம், அங்க போனேன். வட்டார வரலாறுக்குன்னு தனிப் பிரிவு வச்சிருக்காங்க, தனியார் குடும்பங்க குடுத்த காகிதமெல்லாம் அங்க இருக்கு.

முதல் தடவ லெட்டர் குடுத்துட்டு வந்து எட்டு மாசம் எந்தப் பதிலும் இல்ல. போன் பண்ணா அந்த சீட்டுக்கு ஆள் மாறிட்டாங்க, லெட்டர் இங்க இல்லன்னாங்க. திரும்ப எழுதிக் குடுத்தேன், இந்தத் தடவ நகல்ல சீல் போட்டு வாங்கிக்கிட்டேன். இந்த சீல் விஷயத்த மறக்காதீங்க, அந்த ஒரு தாள் இல்லேன்னா நான் மூணாவது தடவையும் எழுதிக்கிட்டு இருந்திருப்பேன்.

அடுத்த மாசமே ஒரு மேடம் வீட்டுக்கே வந்து பாத்தாங்க. பெட்டியத் தொறந்த உடனே அவங்க எடுத்தது காகிதத்த இல்ல, அடில கெடந்த வசம்புத் துண்டு. "இது யாரு போட்டது"ன்னு கேட்டாங்க, கொள்ளுப்பாட்டி போட்டதா இருக்கும்னேன். இதனாலதான் முதல் பெட்டில ராமபாணப் பூச்சி அவ்வளவா ஏறலன்னு சொன்னாங்க. அப்புறம் நான் தேதி வாரியா பிரிச்சு அடுக்கி வைக்க ஆரம்பிச்சிருந்தத பாத்துட்டு முகம் மாறிடுச்சு. "அம்மா, இதுக்கு மேல ஒரு கட்டையும் அவிழ்க்காதீங்க, உங்க தாத்தா எப்படிக் கட்டுனாரோ அப்படியே எங்களுக்கு வேணும், எந்தத் தாளுக்குள்ள எந்தத் தாள் இருந்துச்சுங்கறதும் ஒரு சாட்சிதான்"னாங்க. அன்னைக்கு எனக்கு அது முழுசா புரியல.

லிஸ்ட் போடத்தான் நாலு மாசம் ஆச்சு. சனி ஞாயிறு உக்காந்து கட்டு நம்பர், மேல எழுதியிருக்கறது, தாள் எத்தன, நிலைமை என்னன்னு நோட்டுல எழுதுனேன். மொத்தம் 63 கட்டு, அதுபோக ரெண்டாவது பெட்டில தேறுனது 19. மேல பசலிதான் போட்டிருக்கும், அது சர்க்கார் வரிக் கணக்கு வருஷம், பசலியோட 590 கூட்டுனா இங்கிலீஷ் வருஷம், ஜூலை ஒண்ணாந்தேதி ஆரம்பிக்கும். பசலி 1362ன்னா 1952 ஜூலைலேர்ந்து, அந்த வருஷம்தான் நவம்பர் கடைசில நாகப்பட்டினம் பக்கம் பெரிய புயல் அடிச்சுது. இன்னொரு விஷயம், எங்க ஊரு 1991 வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லா, அப்புறம் நாகப்பட்டினம், 2020லேர்ந்து மயிலாடுதுறை. ஊரு அங்கயேதான் இருக்கு, ஜில்லா மட்டும் மாறிக்கிட்டே இருந்திருக்கு. நூலகத்துல பழசு தேடறவங்க தஞ்சாவூர்னு போட்டுத்தான் தேடணும், இல்லேன்னா ஒண்ணும் கிடைக்காது.

போன்ல ஸ்கேன் ஆப் வச்சு நானே எடுத்துடலாம்னு பாத்தேன். அது தாள வெள்ளையாக்கறேன்னு பென்சில்ல எழுதுனதையெல்லாம் அழிச்சுடுது, ஓரத்தையும் வெட்டிடுது. தாத்தா முக்கியமானத ஓரத்துலதான் எழுதுவாரு. விட்டுட்டேன்.

அப்புறம் கையெழுத்து. தானப் பத்திரத்துல எல்லா வாரிசும் போடணும். அப்பாவும் சித்தப்பாவும் போட்டுட்டாங்க, கும்பகோணத்துல இருக்குற சின்ன அத்தை மட்டும் மாட்டேன்னுட்டாங்க. "நாளைக்கு எவனாவது இத எடுத்துக்கிட்டு வந்து நெலம் என்னுதுன்னு நிப்பான், அப்ப யாருடி பதில் சொல்றது"ன்னு கேட்டாங்க. அத்தை கேட்டதுல நியாயம் இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். உரிமை பட்டாவையும் ரெஜிஸ்டர் பண்ண பத்திரத்தையும் வச்சுத்தான், இந்த நகலை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மூணு தடவ போயி எடுத்துச் சொன்னேன். கடைசில அத்தை ஒரு கண்டிஷன் போட்டாங்க, புரோநோட்டுக் கட்டு எதையும் 25 வருஷத்துக்கு யாருக்கும் காட்டக்கூடாது, கடன் வாங்குனவங்க பேரப்புள்ளைங்க அதே தெருவுல இருக்காங்கன்னு. எனக்கு அது தோணவே இல்ல. நூலகத்துல உடனே ஒத்துக்கிட்டு எழுதிக்கிட்டாங்க.

எழுத்து உரிமையையும் கேட்டாங்க. பேப்பரக் குடுத்தா பேப்பர் மட்டும்தான் அவங்களுது, அதுல எழுதியிருக்கறதோட காப்பிரைட் தனி, அது எழுதுனவரோட வாரிசுங்களுக்குத்தான். படிக்கலாம், ஆராய்ச்சிக்கு எடுத்துப் போடலாம், வியாபாரத்துக்கு மட்டும் எங்களக் கேக்கணும்னு எழுதுனோம். நடுவுல ரெண்டு அடங்கல் (பயிர்க் கணக்கு) புத்தகம் தாலுக்கா முத்திரையோட கெடச்சுது, அது சர்க்கார் ரெக்கார்டு நாங்க எடுத்துக்க முடியாதுன்னுட்டாங்க. அத உரிய ஆபீஸ்ல ஒப்படைச்சு ரிசீட் வாங்க மூணு மாசம் அலைஞ்சேன், வாங்கிக்கவே ஆள் இல்ல, ஒவ்வொரு மேஜையும் அடுத்த மேஜைய கைய காட்டுச்சு. அது இப்பவும் வருத்தமா இருக்கு.

இன்னொரு தாள் யாராலயும் படிக்க முடியல, மேல ஒரு நீளக் கோடு, அதுலேர்ந்து எழுத்தெல்லாம் கையெடுக்காம ஒட்டி ஒட்டித் தொங்குது. மேடம் பாத்த உடனே இது மோடிங்கற பழைய எழுத்துன்னாங்க. தஞ்சாவூர் மராட்டிய ராஜாக்க கச்சேரில மராத்திய அந்த எழுத்துலதான் எழுதியிருக்காங்க, சரஸ்வதி மகால்ல மூட்டை மூட்டையா இருக்கு, தமிழ்ப் பல்கலைக்கழகம் அதுலேர்ந்து கொஞ்சத்த தமிழாக்கி புத்தகமாவும் போட்டிருக்கு. எங்க வீட்டுத் தாள படிக்க ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க, மோடி படிக்கத் தெரிஞ்சவங்க இப்ப ரொம்பக் கம்மி.

பெட்டி போன அன்னைக்கு நானும் கூடவே வேன்ல போனேன். நேரா ஸ்டாக் ரூம்ல வைக்க மாட்டாங்க, மத்த புத்தகத்துக்குப் பூஞ்சையும் பூச்சியும் ஏறிடும். தனி அறைல வச்சு ஒரு இரும்பு அலமாரிக்குள்ள தட்டு தட்டா விரிச்சு, கீழ கிண்ணத்துல தைமால்னு ஒரு மருந்து, அதுக்கு அடில பல்பு எரியுது, அந்தச் சூட்டுல மருந்து ஆவியாகி மேல ஏறும். அப்புறம்தான் தூசி தட்டி, கிழிசலுக்கு கண்ணாடி மாதிரி மெல்லிசான ஜப்பான் தாள மைதாப் பசைல ஒட்டறது. பழைய மை இரும்பு மை, பல இடத்துல எழுத்து இருந்த இடத்துல எழுத்து வடிவத்துலயே ஓட்டை, மை காகிதத்த தின்னுட்டிருக்கு.

இப்ப எதுக்காக இவ்வளவும் எழுதறேனோ அந்த விஷயத்துக்கு வரேன். பசலி 1334 கட்டு. 1924 ஜூலைல வந்த பெருவெள்ளம் இங்க எல்லாருக்கும் கேள்விப்பட்ட கதை, கொள்ளிடத்துல வந்த தண்ணிய பெரியவங்க இன்னும் சொல்லுவாங்க. அந்தக் கட்டுல நெலம் மணல் மேடிட்டது, தீர்வை வஜா, அதாவது நெலவரித் தள்ளுபடி கேட்டு எழுதுனதோட நகல், இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வஜா மனுவோட மடிப்புக்குள்ள ஒரு உதிரித் தாள், தலைப்பே இல்ல. ஓரத்துல மட்டும் "ரக்தாட்சி௵ ஆடி௴ ௨௰௮௳", அதாவது ரக்தாட்சி வருஷம் (1924) ஆடி மாசம் 28ந்தேதி. அதுக்குக் கீழ 41 வரி. பேரு, பேருக்கு நேரா நெல்லு இத்தன படி. உடைப்பெடுத்த கரைய அடைக்க மண்ணு சுமந்தவங்க கூலிக் கணக்கு அது. மேடம் சொன்னது அப்பத்தான் எனக்கு உறைச்சுது. நான் தேதி வாரியா கலைச்சிருந்தா தலைப்பில்லாத அந்தத் தாள் எந்தக் கணக்குன்னே தெரியாம உதிரில போயிருக்கும், மனுவுக்குள்ள இருந்ததாலதான் எந்தக் கரை எந்த வேலைன்னு தெரிஞ்சுது.

அந்த 41ல 14 வரில பேரே இல்ல. "௸ பெண்சாதி" அவ்வளவுதான். ௸ன்னா மேற்படி, மேல இருக்குறவரோட பொண்டாட்டின்னு அர்த்தம். கூலி மட்டும் அரைப் படி கம்மியா எழுதியிருக்கு. என் கொள்ளுத்தாத்தா கைதான் அத எழுதுனது. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

நூலக லிஸ்ட்ல அதுக்கு "உதிரித்தாள் 1"னு போட்டிருந்தாங்க. நான் எழுதிக் குடுத்து "கரை அடைத்த ஆட்கள் கூலிப் பட்டியல், 41 பேர்"னு மாத்தச் சொன்னேன், மாத்துனாங்க. அங்கேர்ந்து ஒரு நகல் வாங்கிக்கிட்டு வந்து பெரிய எழுத்துல எழுதி, காலனித் தெருவுல என்கூடப் படிச்சவ வீட்டுத் திண்ணைல உக்காந்து சத்தமா படிச்சேன். அவளோட பாட்டிக்கு எம்பத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும், கண்ணு தெரியாது, காது நல்லா கேக்கும். ஒவ்வொரு பேருக்கும் "அது கடேசி வீட்டுக்காரரு", "அது எங்க பெரியப்பாரு"ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு, ஒம்பது பேர அடையாளம் சொல்லுச்சு. பெரியப்பா பேருக்குக் கீழ "மேற்படி பெண்சாதி"ன்னு நான் படிச்சதும் கைய நீட்டி நிறுத்துச்சு. "அதுக்குப் பேரு இருக்கு பாப்பா, எழுதிக்க"ன்னு சொல்லுச்சு. எழுதிக்கிட்டேன்.

மூலத் தாள்ல யாரும் எதுவும் எழுதக் கூடாது, அது சரிதான். ஆனா லிஸ்ட்ல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல சேக்கலாம்னு மேடம் சொன்னாங்க. வரி நம்பர், பேரு, சொன்னவங்க யாரு, என்ன உறவு, எந்தத் தேதில சொன்னாங்கன்னு ஒரு தாள்ல எழுதி, பாட்டியோட கைரேகை வச்சு, சாட்சிக்கு நானும் என் தோழியும் கையெழுத்துப் போட்டு கொண்டு போயி குடுத்தேன். அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு வீட்லேர்ந்து வந்து சொன்னாங்க. 14 வரில இப்ப மூணுக்குப் பேரு இருக்கு. அடுத்த வாரம் மேலத்தெருவுல ஒரு தாத்தாவப் பாக்கப் போறோம், அவரோட அம்மா அந்த உடைப்பு அடைக்கப் போனவங்கன்னு சொல்றாங்க.