அப்பாவின் மூக்குக்கண்ணாடி

விபத்து நடந்து பதினாலு மாதம் ஆகியும், லாரி ஹாரன் கேட்டால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். திண்டிவனம் தாண்டி நடந்தது. கார் ஓட்டியது நான். பக்கத்தில் இருந்த அப்பா பிழைக்கவில்லை.

முதலில் போன இடத்தில் தூக்க மாத்திரை கொடுத்து, போகப்போகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் தோழி ஒருத்தி சொல்லித்தான் இ.எம்.டி.ஆர். பயிற்சி பெற்ற சைக்காலஜிஸ்ட் மேடத்திடம் போனேன். வதைக்கிற நினைவை மனதில் வைத்துக்கொண்டே, ஆட்டும் விரலைக் கண்ணால் தொடரவைக்கிற சிகிச்சை அது. அமெரிக்காவில் ஃபிரான்சின் ஷபிரோ என்ற உளவியலாளர் 1987இல் தொடங்கிய முறை இது. உலக சுகாதார நிறுவனமும் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது.

போனதும் விரலை ஆட்டுவார் என்று நினைத்தேன். முதல் மூன்று வாரம் அந்தப் பேச்சே இல்லை. தூக்கம், மாத்திரை, வீட்டு நிலவரம் எல்லாம் விசாரித்தார். கலங்கினால் மனம் திரும்பி வர ஓர் இடம் வேண்டும் என்றார். பாட்டி வீட்டுத் திண்ணையைச் சொன்னேன். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவதாக ஏற்பாடு. இதையெல்லாம் செய்யாமல் நேராக ஆரம்பிக்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

நாலாவது வாரம், மனதை விட்டுப் போகாத காட்சி எது என்று கேட்டார். டேஷ்போர்டு மேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கீறல்கூட விழாமல். அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? "நான்தான் கொன்னுட்டேன்." என்ன தோன்றினால் நல்லது? "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்." அது எவ்வளவு உண்மையாகப் படுகிறது, 1 முதல் 7க்குள்? 2 என்றேன். வேதனை, 0 முதல் 10க்குள்? 9. உடம்பில் எங்கே? தொண்டையில்.

காட்சியை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய இரண்டு விரல்களைக் கண்ணால் தொடர வேண்டும், இடமும் வலமுமாக, அரை நிமிடம் போல. "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?" வந்ததை ஒரு வரியில் சொன்னால் போதும். மறுபடி விரல். நடந்ததை முழுக்க விவரிக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். எத்தனையாவது சுற்று என்று நினைவில்லை, மீடியனைத் தாண்டி எதிரே வந்த லாரியும் பிரேக்கை முழுக்க மிதித்திருந்த என் காலும் வந்தன. எனக்குத் தெரியாத விஷயமில்லை, எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது. ஆனால் உடம்புக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தேம்பித் தேம்பி அழுதேன்.

அன்று ராத்திரி கெட்ட கனவு, மறுநாள் முழுக்கத் தலைபாரம். இப்படி இருக்கலாம் என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் விட்டுவிடாமல் அடுத்த வாரமும் போனேன். ஆறு அமர்வில் 9 என்பது 1 ஆனது.

கண் அசைவு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஒரே நேரத்தில் நினைவையும் விரலையும் பிடித்துக்கொள்ள மூளை திணறுவதால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த மூக்குக்கண்ணாடி என் அலமாரியில்தான் இருக்கிறது. திதியன்று எடுத்துத் துடைத்து, அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். அழுகை வந்தது. தொண்டை அடைக்கவில்லை.