நிக்கல் வெளுத்த நாள்

பாக்டீரியாவில் வளர்த்த புரதத்தை, அதன் வாலில் சேர்த்திருக்கும் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். முதன்முதலில் எனக்கு வந்த வேலை இதுதான். பிடிப்பது நிக்கல். அதைச் சுற்றி ஆறு பிணைப்பிடங்கள். ரெசின் என்ற சிறு மணிகளோடு ஒட்டியிருக்கும் என்டிஏ மூலக்கூறு நான்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். ஹிஸ்டிடின் வந்தால் தண்ணீர் எழுந்து இடம் கொடுக்கும். பாடத்தில் இவ்வளவுதான்.

ரெசின் வெளிர்நீலமாக இருந்தது. செல்களை உடைத்துத் தெளியவைத்த சாற்றை மேலே ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து வெள்ளை படர்ந்து கீழே இறங்கியது. புரதம் ஒட்டுகிறது போல என்று சந்தோஷப்பட்டேன்! கடைசியில், ஒட்டிய புரதத்தை இறக்கும் இமிடசோலை ஊற்றி எடுத்ததில் ஒன்றுமே இல்லை. புரதங்களை அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டிப் பார்த்தால், ஒட்டாமல் வழிந்த திரவத்தில் என் புரதம் அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் பிஎச்சைச் சந்தேகப்பட்டேன். பிஎச் 6-க்குக் கீழே போனால் ஹிஸ்டிடின் வளையத்தின் நைட்ரஜன் புரோட்டானை ஏற்றுக்கொண்டுவிடும். நிக்கலுக்குக் கொடுக்க எலக்ட்ரான் ஜோடி இருக்காது. ஆனால் மீட்டர் 8 என்றுதான் காட்டியது. அப்புறம்தான், புரதம் சிதையாமலிருக்கச் சாற்றில் போட்ட மாத்திரையின் டப்பாவை எடுத்துப் படித்தேன். ஈடிடிஏ.

ஈடிடிஏ உலோக அயனிகளைப் பிடிக்கும் மூலக்கூறு. ஒற்றை ஆளாக நிக்கலின் ஆறு இடங்களையும் வளைத்துக்கொள்ளும். ரெசினிலிருந்து நிக்கலை அது பிடுங்கிப் போனதால்தான் வெள்ளை படர்ந்தது. இந்த மாதிரிப் பிடிக்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர். நண்டின் கொடுக்கை வைத்து வந்த சொல். என்னைக் கேட்டால் உடும்புப்பிடி என்பேன். பிடி எவ்வளவு வலுவானது என்று சொல்வது நிலைப்பு மாறிலி. நிக்கலோடு அதன் மடக்கை என்டிஏவுக்குச் சுமார் 11.5, ஈடிடிஏவுக்கு 18.6. ஏழுதானே என்று தோன்றும். மடக்கையில் ஏழு என்றால் 1 கோடி மடங்கு.

நல்லவேளை, வழிந்த திரவத்தைக் கொட்டவில்லை. சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் போட்டு, இரவு முழுக்க டயாலிசிஸ் செய்து ஈடிடிஏவை வெளியேற்றினேன். ரெசினில் ஒட்டியிருந்த மிச்ச நிக்கலையும் ஈடிடிஏ விட்டே உரித்து, தண்ணீரில் நன்றாக அலசி, 100 மில்லிமோலார் நிக்கல் சல்ஃபேட் ஊற்றினேன். பச்சைக் கரைசல் இறங்க இறங்க வெள்ளை ரெசினில் நீலம் ஏறியது. அதே நிக்கல்தான், சுற்றி நிற்கும் அணுக்கள் மாறியதும் நிறமும் மாறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பாட்டிலைத் திறக்க மறந்துவிட்டேன்.

இந்தத் தடவை சாறு இறங்கியும் நீலம் போகவில்லை. 20 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250-இல் எடுத்தேன். இமிடசோல் என்பது ஹிஸ்டிடினின் பக்கவாட்டு வளையமேதான். கூட்டமாக வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தை இறக்கிவிடும்.

ஜெல்லில் ஒரு தடித்த பட்டை. கீழே இரண்டு மெல்லிய பட்டைகள்: வால் இல்லாமலே, தங்களிடமுள்ள ஹிஸ்டிடின்களை வைத்து ஒட்டிக்கொண்ட பாக்டீரியாப் புரதங்களாக இருக்க வேண்டும். அடுத்த முறை 40-இல் கழுவிப் பார்க்கப் போகிறேன்.