ஆன்லைன் எம்பிஏ சேரலாமா? முடிவெடுக்கும் முன் நான் பட்ட பாடு

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கார்மெண்ட்ஸில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பி.காம். முடித்தவள். சீனியர் மெர்ச்சண்டைசர் வரைக்கும் அனுபவத்தை வைத்தே வந்துவிடலாம், அதற்கு மேல் மேனேஜர் கிரேடு வேண்டுமென்றால் எங்கள் கம்பெனியில் முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். ஷிப்மென்ட் சமயத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேருகிற எனக்கு ரெகுலர் காலேஜுக்குப் போக வழியே இல்லை. அதனால்தான் ஆன்லைன் எம்பிஏ. இதில் பணம் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவே பல மாதம் ஓடிவிட்டது, அதில் பாதியைத் தின்றது அடுத்தவர் சொன்ன பொய்யும் இழுத்தடிப்பும்தான். இதே யோசனையில் இருப்பவர்களுக்காவது அந்த அலைச்சல் குறையட்டும் என்று எழுதுகிறேன்.

கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக ஏதாவது ஒரு ஒப்பீட்டுத் தளத்தில் போன் நம்பரைக் கொடுத்தால் போதும், அன்றைக்கே 'கவுன்சலர்' கூப்பிட ஆரம்பித்துவிடுவார். பேசுகிறவர் பல்கலைக்கழகத்து ஆள் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஆள் சேர்த்துக் கொடுத்து கமிஷன் வாங்கும் ஏஜென்சிதான். என்னைக் கூப்பிட்டவர், "மேடம், ஸ்காலர்ஷிப் இன்னைக்கு ராத்திரியோட முடியுது" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். "சர்டிபிகேட்ல ஆன்லைன்னு எங்கயுமே இருக்காது" என்றும் சொன்னார். இது பொய். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, எந்த முறையில் படித்தோம், எப்போது சேர்ந்தோம், எப்போது முடித்தோம் என்பதெல்லாம் பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கீகாரம் உள்ள ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசியே அறிவித்திருக்கிறது. உண்மையே நமக்குச் சாதகமாக இருக்கும்போது எதற்காக இந்தப் பொய்?

அதைவிட மோசம் ஓடிபி விஷயம். "ஃபார்ம் ஓபன் பண்றேன் மேடம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றார். மதியச் சாப்பாட்டு நேரம், கேன்டீன் சத்தத்துக்கு நடுவில் நின்று அந்த மெசேஜை முழுசாகப் படித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. நான் கேள்விப்படாத ஒரு பைனான்ஸ் கம்பெனியின் பெயரும், லோன் அக்ரிமென்ட்டுக்குச் சம்மதிக்க இந்த எண் என்ற வரியும்தான் இருந்தன. "இது லோனா?" என்று கேட்டால், "லோன் இல்ல மேடம், நோ காஸ்ட் இஎம்ஐ" என்கிறார். இஎம்ஐ என்றாலே கடன்தானே! பைனான்ஸ் கம்பெனி மொத்தப் பணத்தையும் அந்தப் பக்கம் கட்டிவிடும், நாம் பாதியில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது, கட்டாமல் விட்டால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நான் நம்பரைச் சொல்லவில்லை. யாராவது ஏற்கெனவே சொல்லியிருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளில் 'கூலிங் ஆஃப்' காலம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கொடுத்துவிட்டு அபராதம் இல்லாமல் கடனிலிருந்து வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது கடனுக்கான விவரத் தாளிலேயே இருக்கும். சேர்க்கையையும் அன்றைக்கே மெயில் போட்டு ரத்து செய்யுங்கள், போனில் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

அப்புறம் யார் பேச்சையும் கேட்காமல் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் நானே தேட ஆரம்பித்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் பத்தாது. அந்த வருடம், அந்தப் பருவம், அந்தப் படிப்பு, அந்த முறை, நாலுக்கும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபிஏவுக்கு இருக்கும், எம்பிஏவுக்கு இருக்காது. தொலைதூரத்துக்கு இருக்கும், ஆன்லைனுக்கு இருக்காது. எனக்கு வந்த விளம்பரங்களில் ஒன்றிரண்டு இந்த இடத்திலேயே அடிபட்டுப் போயின. பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு 'எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்', 'போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்' என்று வருபவை பட்டமே கிடையாது. அதில் விஷயம் கற்றுக்கொள்ளலாம், ஆனால் பட்டம் கேட்கும் இடத்தில் எடுபடாது. எட்டெக் கம்பெனிகளோடு, அதாவது ஆன்லைனில் பாடம் நடத்தும் கம்பெனிகளோடு, ஃபிரான்சைஸ் முறையில் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇயும் 2022 ஜனவரியிலேயே எச்சரித்திருக்கின்றன. விளம்பரத்தில் எட்டெக் பெயர் பெரிதாகவும் பல்கலைக்கழகத்தின் பெயர் ஓரத்திலும் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

இவ்வளவு தேடியும் முடிவை நிஜமாகவே மாற்றியது எங்கள் எச்ஆர் சார் அனுப்பிய இரண்டு வரி மெயில்தான். "யுஜிசி அனுமதி உள்ள ஆன்லைன் எம்பிஏவை மேனேஜர் கிரேடு பதவி உயர்வுக்கு ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டு எழுதினேன். வாய்வார்த்தையாக "பாத்துக்கலாம்மா" என்றுதான் முதலில் சொன்னார், நானும் விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "ஏற்றுக்கொள்ளப்படும், பல்கலைக்கழகம் எதுவாக இருந்தாலும் சரி" என்று பதில் வந்தது. அந்தக் கடைசி வார்த்தைகளின் மதிப்பு எனக்கு ஒரு லட்ச ரூபாய்க்கு மேல்! ஏஜென்சி சொன்ன தனியார் படிப்புக்கு 1.75 லட்சம். நான் சேர்ந்தது ஒரு அரசுப் பல்கலைக்கழகம், கட்டணம் அதில் பாதிகூட இல்லை, செமஸ்டர் செமஸ்டராகக் கட்டலாம் என்பதால் கடனும் தேவைப்படவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கிரேடு மாறினால் முதல் வருட சம்பள உயர்விலேயே போட்ட காசு திரும்பிவிடும். கிரேடு மாறாவிட்டாலும் வீட்டுச் செலவு ஆட்டம் காணாது. இந்தக் கணக்கு ஒத்துவந்த பிறகுதான் சேருவதென்று முடிவு செய்தேன்.

சேருவதற்கு முன்னால், ஐஐடிகள் ஆன்லைனில் பாடம் நடத்தும் என்பிடெல்லில் 12 வாரப் படிப்பு ஒன்றையும் முடித்தேன். வகுப்புகள் இலவசம், பரீட்சை எழுத 1000 ரூபாய். வேலை முடித்து, பையனைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரியில் பாடம் மண்டையில் ஏறுமா என்று தெரிந்துகொள்ள இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. ஏறியது.

இனிமேல் சிக்கல் இருக்காது என்று நினைத்தபோது பெயரில் வந்து நின்றது. 2024இலிருந்து ஆன்லைன், தொலைதூரப் படிப்புகளில் சேர, யுஜிசியின் அதே தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் எடுக்கும் டெப் ஐடி கட்டாயம். அதற்கு, நாம் படித்ததற்கான கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அது ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளும். என் மார்க் ஷீட்டில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆதாரில் வீட்டுக்காரர் பெயர். 'பெயர் பொருந்தவில்லை' என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டு அனுப்பிய மெயில்களுக்குப் பதிலே இல்லை, போன் எடுக்கவும் ஆள் இல்லை. ஷிப்மென்ட் நேரத்தில் லீவு சொல்லிவிட்டு ராத்திரி பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கு நேரிலேயே போனேன். கவுன்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஆன்லைன் கோர்ஸுக்கு இங்க எதுக்கும்மா வந்தீங்க, மெயில் போடுங்க" என்றார். போட்ட மெயில்களைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். "அது வேற செக்‌ஷன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே இன்னொரு மேஜையில் இருந்த அம்மாதான் கூப்பிட்டு, தாள்களை வாங்கிப் பார்த்து, "மேரேஜ் சர்டிபிகேட்டும், ரெண்டு பேர்லயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு நோட்டரி அஃபிடவிட்டும் ஒரே பிடிஎஃப்பா அப்லோடு பண்ணும்மா, போதும்" என்றார். இந்த ஒரு வரியை மெயிலில் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஊர் திரும்பி அப்லோடு செய்தேன், சேர்க்கை உறுதியானது.

பெண்கள் இதைக் கடைசித் தேதி வரை விட்டுவைக்காதீர்கள். அவசரத்தில் ஆதாரில் பெயரை மாற்றவும் ஓடாதீர்கள், வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயர் மாற்ற முடியும்.

என் கொழுந்தன் இந்த வருடம்தான் டிகிரி முடித்தான். "அண்ணி, நானும் இதுலயே சேந்துரட்டா, பிளேஸ்மென்ட் உண்டாமே" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த விளம்பரத்தில் இருப்பது 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்', பெரும்பாலும் வேலை விளம்பர லிங்க் அனுப்புவதோடு அது முடிந்துவிடும். வேலையில் இருந்துகொண்டு மேலே போக ஒரு பட்டம் தேவைப்படுகிறவருக்கு இது உதவும். முதல் வேலையைத் தேடுகிற பையனுக்குக் கூடப் படிக்கிறவர்கள், கேம்பஸ் இன்டர்வியூ, இன்டர்ன்ஷிப் எல்லாம் வேண்டும், அதை லேப்டாப் திரை தராது.

முதல் செமஸ்டர் பரீட்சை எழுதிவிட்டேன். அசைன்மென்ட்டுக்கு 30, பரீட்சைக்கு 70. வெப்கேமரா கண்காணிப்பில் வீட்டிலிருந்தே எழுதலாம், அறைக்குள் யாரும் வரக் கூடாது. லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு, மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் அன்றைக்குக் கரண்ட் போனது, நான் ஒரு கேள்வியும் விடாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.