கொலையாளியை முதலிலேயே காட்டிவிடும் நாவல்கள்

அண்மையில் அடுத்தடுத்து வாசித்து முடித்த நான்கு குற்றப் புதினங்களில் மூன்று, மற்ற எழுத்தாளர்கள் கடைசி அத்தியாயம்வரை மறைத்துவைக்கும் செய்தியைத் தொடக்கத்திலேயே வாசகர் கையில் கொடுத்துவிடுகின்றன. அந்த மூன்றையும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. ரகசியத்தை இறுதிவரை பொத்திவைத்த நான்காவது நாவலோ, படித்து முடித்த வேகத்திலேயே மனத்தை விட்டு அகன்றுவிட்டது.

ரூத் ரெண்டல் 1977இல் எழுதிய ‘எ ஜட்ஜ்மென்ட் இன் ஸ்டோன்’ நாவலில், யூனிஸ் பார்ச்மன் என்ற பணிப்பெண் கவர்டேல் குடும்பத்தைக் கொன்றாள் என்பதையும், எழுதப் படிக்கத் தெரியாததே அதற்குக் காரணம் என்பதையும் முதல் வாக்கியமே அறிவித்துவிடுகிறது. காதலர் தினத்தன்று இரவு, தொலைக்காட்சியில் மோட்சார்ட்டின் இசை நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நால்வரும் சுட்டுக் கொல்லப்படப் போகிறார்கள் என்பதும் வெகு சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நமக்குக் கிடைப்பது ஒரு சாதாரண வீட்டின் அன்றாடம்தான். ஆனால் அந்த வீட்டில் கண்ணில் படும் ஒவ்வொரு தாளும் வாசகரைப் பதறவைக்கிறது. வீட்டுத் தலைவி எழுதிவைத்துவிட்டுப் போகும் பொருள் பட்டியல், அலுவலகத்திலிருந்து கணவர் தொலைபேசியில் அழைத்து எடுத்து அனுப்பச் சொல்லும் ஆவணம் என்று, படித்தவர்கள் ஒரு கணமும் யோசிக்காமல் கேட்கும் சிறு உதவிகள்கூட யூனிஸுக்கு உயிர்ப் போராட்டமாகின்றன. கவர்டேல் குடும்பத்தினர் கொடியவர்கள் அல்லர். புத்தகங்களால் நிறைந்த வீட்டில் வாழும் அவர்களுக்கு, எழுத்து என்பது ஒருவருக்கு அச்சமூட்டக்கூடும் என்ற எண்ணமே எழவில்லை. என்ன நடக்கப் போகிறது என்று அறிந்திருப்பதால்தான் அவர்களுடைய அன்பான சொற்கள்கூட நம் காதில் அபாய மணியாக ஒலிக்கின்றன. கொலையாளியின் பெயரை ரெண்டல் மறைத்திருந்தால் நான் தடயங்களைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்த மனிதர்களைக் கவனித்திருக்க மாட்டேன்.

பிரெடெரிக் ஃபோர்சைத்தின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ இன்னும் துணிச்சலான பந்தயம். பிரெஞ்சு அதிபர் டெ கோலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்டவனின் கதை இது. டெ கோல் 1970 நவம்பரில் தம் வீட்டில் இயற்கையாக இறந்தவர்; நாவல் வெளியானதோ 1971இல். ஆகவே திட்டம் தோற்கும் என்பதை அறியாத வாசகர் அன்று எவருமே இருந்திருக்க முடியாது. இருந்தும் பக்கங்கள் பறக்கின்றன என்றால், அதற்குக் காரணம் வேலையை வேலையாகக் காட்டும் எழுத்துதான். இளம் வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் கல்லறையைக் கண்டுபிடித்து, அதன் பிறப்புச் சான்றிதழைப் பெற்று, அந்தப் பெயரில் அசல் கடவுச்சீட்டே வாங்கிவிடுகிறான் நாயகன். பிறகு காட்டுக்குள் ஒரு முலாம்பழத்தைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, தனக்கென்றே செய்த துப்பாக்கியின் குறியைத் திருகாணி திருகாணியாகச் சரிசெய்கிறான். வெடிக்கும் தோட்டா பழத்தைச் சிதறடிக்கும் அந்த இடத்தில், வரலாறு தெரிந்திருந்தும் எனக்கு உடல் நடுங்கியது. பெண் பாத்திரங்களை ஃபோர்சைத் நடத்தும் விதம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அவர்கள் திட்டத்தின் படிக்கட்டுகளாகவே வந்து போகிறார்கள்.

நான்காவதாகச் சொன்னது அலெக்ஸ் மைக்கேலிடிஸின் ‘தி சைலன்ட் பேஷன்ட்’. 2019இல் வெளியாகிப் பெரும் விற்பனை கண்ட நாவல். கணவனைச் சுட்டுவிட்டு அதன் பிறகு ஒரு சொல்லும் பேசாத ஓவியர், அவரைப் பேசவைக்க முயலும் உளவியல் சிகிச்சையாளர் என்ற அமைப்பு அருமையானது. இறப்பிலிருந்து மீண்டு வந்தும் மௌனமாக நிற்கும் அல்செஸ்டிஸின் கிரேக்கக் கதையை அந்த மௌனத்தோடு இணைத்திருப்பதும் பொருத்தமே. ஆனால் முடிச்சு அவிழ்ந்ததும் முன்பகுதிகளைப் புரட்டிப் பார்த்தபோது, துணைப் பாத்திரங்களில் பலர் நம் சந்தேகத்தைத் திசைதிருப்புவதற்காக மட்டுமே நிறுத்தப்பட்டவர்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது.

மூன்றாவது, கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. ஜப்பானிய மூலம் 2005இல் வெளியாகி நவோகி விருது பெற்றது. துன்புறுத்தும் முன்னாள் கணவனை ஒரு பெண் கொன்றுவிடுகிறார். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அதை மறைக்க உதவுகிறார். இவ்வளவும் நம் கண்முன் நடக்கின்றன. எல்லாம் தெரியும் என்ற அந்த நம்பிக்கையைக் கொண்டே ஹிகாஷினோ நம்மைச் சுற்றி வலை பின்னுகிறார். வடிவியல் கணக்குப்போலத் தோன்றி உண்மையில் வேறொரு கணக்காக இருக்கும் தேர்வு வினாவைப் பற்றி இஷிகாமி சொல்வதைச் சற்று நின்று படியுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது வேறோர் இடம்: தன் தோற்றத்தை ஒருபோதும் பொருட்படுத்தாத இஷிகாமி, பழைய நண்பர் யுகாவாவின் தலைமுடி இன்னும் அடர்த்தியாக இருப்பதைப் பற்றி ஏக்கத்தோடு ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையிலேயே, இவர் யாரையோ நேசிக்கிறார் என்று யுகாவா உணர்ந்துகொள்கிறார்.

அந்த அன்பை நாவல் உயர்த்திப் பிடிக்கும் அளவுக்கு, அதற்காக விலை கொடுத்தவரைப் பற்றி அது கவலைப்படவில்லை என்பது என் மனக்குறை. அது யார் என்பதை இங்கே சொன்னால் கதை உடைந்துவிடும். ஆனால் நாவலை முடித்தவர்கள் மீண்டும் முதல் அத்தியாயத்துக்குச் சென்று, இஷிகாமி ஆற்றங்கரை வழியாகப் பள்ளிக்கு நடந்துபோகும் பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.